வாவியில் முக்குளித்து மீன் பிடிப்பது தாராவா (வாத்தா)?

கல்லடிக்கரை:
மட்டக்களப்பு வாவியில், கல்லடிப் பாலத்துக்குக் கிட்ட ஒரு கறுத்தப் பறவை. நீந்தும்போது உடம்பு தெரியாது, நீண்ட கழுத்து மட்டும் தண்ணிக்கு மேலே நிற்கும். முங்கினால் வேறோரிடத்தில் மீனோடு எழும்பும். படத்தைச் செயலியில் போட்டால் 'மெர்கன்சர்' என்று மீன் தின்னும் தாரா ஒன்றைக் காட்டுது. இங்கே ஆக்கள் 'பாம்புத்தாரா' என்கிறாங்க. உண்மையில் தாராவா? எந்த மாதம் வரும், எப்ப போகும்?

வாவிப்பறவை:
ஆக்கள் சொல்வதுதான் சரி. பெயரில் மட்டும்தான் தாரா. இனத்தில் நீர்க்காகத்துக்குக் கிட்டத்துச் சொந்தம்.

மெர்கன்சர் உண்மையான தாரா, ஆனால் நம்ம வாவிக்குரியதல்ல. பெரிய மெர்கன்சர் இமயமலை, திபெத் பக்கம் மரப்பொந்தில் முட்டையிட்டு, குளிருக்கு வட இந்திய ஆறுகளுக்கு இறங்கும். சொண்டு சிவப்பு, ஒடுக்கம், ஓரமெல்லாம் வாள் பல்லுப் போல. வழுக்கும் மீனைப் பிடிக்க அதுதான் உதவி. ஆணுக்குக் கரும்பச்சைத் தலை, பெண்ணுக்குச் செம்பழுப்புத் தலையும் கொண்டையும். கோடையில் ஆண் இறகு மாற்றிப் பெண்ணைப் போலவே ஆகிவிடும், அதனால் அந்த நாடுகளிலேயே பலர் தடுமாறுவார்கள்.

சுலபமான சோதனை: கரையேறியதும் கம்பத்திலோ கண்ணா (கரையோரச் சதுப்பு) மரத்திலோ செட்டையை விரித்துக் காயவைக்குதா? அப்படியென்றால் தாரா இல்லை. தாராவின் இறகில் தண்ணி ஒட்டாது. பாம்புத்தாரா, நீர்க்காகம் இரண்டுக்கும் இறகு ஊறும். பாரம் கூடுவதால்தான் உடம்பு அமிழ்ந்து கழுத்து மட்டும் தெரியுது.

கண்ணாக்காடு:
பாம்புத்தாராவையும் நீர்க்காகத்தையும் சொண்டை வைத்தே பிரிக்க வேண்டும். நீர்க்காகத்தின் சொண்டு நுனி கொக்கி போல வளைந்திருக்கும், துரத்திக் கவ்வும். பாம்புத்தாராவின் சொண்டு ஊசிபோல நேர். மடிந்த கழுத்தை வில்லுப்போல விட்டு மீனைக் குத்தும். மேலே வந்து உதறி, மீனைத் தூக்கிப் போட்டு, தலைப்பக்கமாக விழுங்கும். அந்த ஒரு நொடியைப் பார்த்தால் சந்தேகமே வராது. நீளம் சுமார் 90 சென்ரிமீற்றர். சின்ன நீர்க்காகம் 50தான்.

கூட்டமாக ஒரே பக்கம் மீனைத் தள்ளிக்கொண்டு போனால் அது பெரும்பாலும் இந்திய நீர்க்காகம்.

வாவிப்பறவை:
காலம் கேட்டிருந்தீங்க. இவை எல்லாம் இங்கேயே இருப்பவை, வருசம் முழுக்கக் காணலாம். மாரியில் வாவி கலங்கிப் பெருகும்போது தெளிந்த தண்ணி தேடி இடம் மாறும், அதைத்தான் 'போயிட்டுது' என்று நினைக்கிறோம். வெளிநாட்டிலிருந்து வருவது நீலச்சிறகி, ஊசிவால் வாத்து போன்றவை. ஒக்ரோபர் தொடங்கி ஏப்ரல் வரை. அவை மேலாக மேய்பவை, மீனுக்கு முங்காது.

படம் எடுக்கும்போது சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும்: காலையில் கல்லடிப் பக்கம் நின்று நகரைப் பார்த்து, பின்னேரம் மறுபக்கம். எதிர்வெளிச்சத்தில் சொண்டு வெறும் நிழலாகிச் செயலி பிழையாகத்தான் சொல்லும்.

கல்லடிக்கரை:
சொண்டு நேர், ஊசிதான். கம்பத்தில் செட்டை விரித்து நிற்குது. பாம்புத்தாராவேதான், நன்றி.

கண்ணாக்காடு:
கோழிக்குஞ்சளவில் பழுப்பாக ஒன்று பக்கத்தில் முங்கினால் அது முக்குளிப்பான். சொண்டடியில் வெளிர்மஞ்சள் புள்ளி பாருங்க.