மாட்டிக்கொண்டால் எல்லாம் என்ஸ்னேர் ஆகுமா?

தண்டையார்பேட்டை மாணவி:
வங்கித் தேர்வுக்குப் படிக்கிறேன். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் அரை மணி நேரம் மாட்டிக்கொண்டதை 'ஐ வாஸ் என்ஸ்னேர்ட் அட் த கேட்' என்று எழுதினேன். பயிற்சி வகுப்பு சார் சிவப்பு மையில் சுழித்து, "கேட் உனக்கு வலை விரிச்சுதா?" என்றார். வகுப்பே சிரித்தது. அகராதியில் 'என்ஸ்னேர்' (ensnare) என்றால் 'சிக்கவை' என்றுதானே இருக்கிறது?

காசிமேட்டு ஆசிரியர்:
சார் சொன்னது சரி, தங்கச்சி. தமிழில் கேட்டிலும் மாட்டுவோம், போலீசிலும் மாட்டுவோம், மாமியார் வாயிலும் மாட்டுவோம். ஆங்கிலத்தில் அது செல்லாது. ஸ்னேர் என்பது சுருக்குக் கண்ணி. முயலுக்கு வைப்பார்களே, அதுதான். கழுத்து உள்ளே போனபின் இழுக்க இழுக்க இறுகும்.

நான் மீன்பிடித் தடைக்காலத்தில் அப்பா வலை பொத்தும்போது ஊசியில் நூல் சுற்றிக் கொடுத்து வளர்ந்தவன். வலையின் ஒவ்வொரு ஓட்டையையும் நாங்கள் கண்ணி என்றுதான் சொல்வோம். செவுள் வலையில் மீன் தானாக வந்து தலையை நுழைக்கும். உடம்பு பருமன், முன்னால் போக முடியாது. பின்னால் வந்தால் செவுள் நூலில் மாட்டும். விரித்தவன் ஒருவன், தெரியாமல் தலையைக் கொடுத்தவன் ஒருவன் இருந்தால் என்ஸ்னேர் போடலாம். கேட்டில் நீ சும்மா நின்றாய். 'ஸ்டக்' போதும்.

வண்ணாரப்பேட்டைக்காரர்:
கடன் செயலியில் 3,000 கேட்டேன், கைக்கு வந்தது 1,900. ஏழாம் நாள் முழுசாகக் கட்டு என்றான். அதைக் கட்ட இன்னொரு செயலி. இது எதில் சேரும் சார்?

காசிமேட்டு ஆசிரியர்:
'என்ஸ்னேர்ட் இன் டெட்' என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதலாம். இழுக்க இழுக்க இறுகியிருக்கிறதே.

ராயபுரம் பேண்டு செட்:
நாங்கள் அடிக்கும் ஸ்னேர் டிரம்மில் முயல் எங்கே வந்தது?

காசிமேட்டு ஆசிரியர்:
முயல் இல்லை. டிரம்மின் கீழ்ப்பக்கத் தோலை ஒட்டி இழுத்துக் கட்டிய கம்பிகள்தான் ஸ்னேர். முன்பு அது விலங்குக் குடலில் திரித்த நூல். சரசர சத்தம் அதிலிருந்துதான் வருகிறது.

தண்டையார்பேட்டை மாணவி:
அப்போ 'த ஏஜென்ட் ப்ராமிஸ்ட் எ ஜாப் அண்ட் என்ஸ்னேர்ட்' சரியா அண்ணா?

காசிமேட்டு ஆசிரியர்:
யாரை? அது இல்லாமல் வாக்கியம் நிற்காது. 'என்ஸ்னேர்ட் மை கசின்' என்று முடி. தமிழில் 'சிக்கினான்' தனியாக நிற்கும், இது நிற்காது. சிக்கினவனை முதலில் வைத்தால் 'வாஸ் என்ஸ்னேர்ட்'.