ஹுக் ஒன்று சொல்கிறார், சம்னர் வேறொன்று சொல்கிறார்: பங்க் ஆட்களின் சுயசரிதைகளில் யாரை நம்புவது?

பழைய_கேசட்:

1970களில் இங்கிலாந்தில் கிளம்பிய முரட்டு ராக் இசையான பங்க் அலையில் பிறந்த குழு ஜாய் டிவிஷன். அதைப் பற்றி அதன் பேஸ் கிடார் வாசிப்பாளர் பீட்டர் ஹுக் 2012இல் எழுதிய புத்தகத்தை முடித்துவிட்டு, சூட்டோடு சூடாக அதன் கிடாரிஸ்ட் பெர்னார்ட் சம்னர் 2014இல் எழுதியதையும் எடுத்தேன். இருவரும் சால்ஃபோர்டில் ஒரே பள்ளியில் படித்தவர்கள், 1976 ஜூன் 4 அன்று மான்செஸ்டரில் நடந்த செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற பங்க் குழுவின் கச்சேரிக்குச் சேர்ந்தே போனவர்கள், மறுநாளே ஹுக் போய் ஒரு பேஸ் கிடார் வாங்கிவிடுகிறார். அதுவரை இரண்டு பேரும் ஒரே கதைதான் சொல்கிறார்கள். அதற்கப்புறம் ஒருவர் சொல்வதை வைத்து இன்னொருவரைப் படித்தால் தலை சுற்றுகிறது. குழுவின் சத்தத்துக்கு யார் காரணம், காசு எங்கே போனது, 2007இல் ஹுக் விலகினாரா அல்லது ஜாய் டிவிஷனுக்குப் பின் மீதிப்பேர் நடத்திய நியூ ஆர்டர் குழுவே முடிந்துபோனதா, எதைக் கேட்டாலும் இரண்டு பதில். இருபது வயதில் எதிர்காலமே கிடையாது என்று கத்திய தலைமுறை அறுபது வயதில் வக்கீல் வைத்துச் சண்டை போட்டிருக்கிறது (2015இல் ஹுக் வழக்கு, 2017இல் சமரசம்).

இதில் யாரை நம்புவது? இந்த வகையில் வேறு யாரைப் படிக்கலாம்? பத்துப் புத்தகப் பட்டியல் வேண்டாம், ஒன்றிரண்டு சொல்லி ஏன் என்றும் சொன்னால் போதும்.

நாலாம்_தந்தி:

இரண்டு பேரையும் விடுங்கள், டிரம்மரைப் படியுங்கள். ஸ்டீபன் மோரிஸ் 2019, 2020 என்று இரண்டு பாகமாக எழுதியிருக்கிறார். அவருக்கு யார் மேலும் தீர்க்க வேண்டிய கணக்கு பெரிதாக இல்லை, அதனால் வேலை எப்படி நடந்தது என்பது அவரிடம்தான் தெளிவாகக் கிடைக்கிறது. 1979இல் ஸ்டாக்போர்ட் ஸ்ட்ராபெரி ஸ்டுடியோவில் முதல் ஆல்பம் பதிவானபோது தயாரிப்பாளர் மார்ட்டின் ஹானட் ஒவ்வொரு டிரம்மையும் தனித்தனியாக அடிக்கவைத்தது, ஒரு பாட்டில் தாளத்துக்காக ஏரோசால் டப்பாவைப் பீய்ச்சவைத்துப் பதிவு செய்தது, இதெல்லாம் நடந்தது மோரிஸ் கையில்தானே. ஹுக்கும் சம்னரும் அப்போது அந்த ஆல்பத்தின் சத்தத்தை வெறுத்தார்கள். மேடையில் வாசிக்கிற மாதிரி முரட்டுத்தனமாக வரும் என்று நினைத்திருந்தார்கள், ஹானட் அதைக் காலியான ஒரு பெரிய கட்டடத்துக்குள் கொண்டுபோய் வைத்த மாதிரி ஒலிக்க வைத்துவிட்டார். பின்னாளில் அவர் செய்ததுதான் சரி என்று ஹுக்கே ஒப்புக்கொண்டார். இந்த மாதிரி இடங்களில் ஹுக்கை நான் முழுசாக நம்புவேன், ஏனென்றால் அது தனக்கு எதிராகவே அவர் சொல்கிற சாட்சி.

அவருடைய பேஸ் கதையும் அப்படித்தான். சம்னரின் ஆம்ப் சத்தத்தில் தன் வாசிப்பு தனக்கே கேட்காமல்தான் மேல் ஸ்வரங்களுக்குப் போனதாகச் சொல்கிறார், அது நன்றாக இருக்கிறது, அதையே வாசி என்று சொன்னது குழுவின் பாடகர் இயான் கர்டிஸ். இதில் சம்னர் மேல் ஒரு குத்தல் இருக்கிறது, சரி, ஆனாலும் உலகம் முழுக்கப் பையன்கள் இன்றும் நகலெடுக்கிற ஒரு பாணி பிறந்த கதையை இவ்வளவு சாதாரணமாகச் சொல்ல ஆள் வேண்டும்.

சண்டை இல்லாத ஒரே விஷயம் இயான். 1979 தொடக்கத்தில் வலிப்பு நோய் என்று தெரிகிறது, அப்புறமும் கச்சேரி மேல் கச்சேரி, 1980 மே 18, அமெரிக்கா கிளம்ப வேண்டிய நாளுக்கு முந்தின நாள், 23 வயதில் உயிரை விட்டுவிட்டார். பாட்டு வரிகளில் என்ன எழுதியிருந்தார் என்று நாங்கள் கவனிக்கவே இல்லை, நன்றாக இருக்கிறேன் என்று அவர் சொன்னதை நம்பினோம் என்பதில் மட்டும் மூன்று பேரும் ஒன்றாக நிற்கிறார்கள். அதற்கு மேல் தெரிய வேண்டுமானால் மனைவி டெபோரா கர்டிஸ் 1995இல் எழுதியதைப் படியுங்கள். குழுவின் வேனுக்குள் இருந்தவர்களுக்குத் தெரியாத வீடு அதில்தான் இருக்கிறது. 2007இல் வந்த படத்துக்கு அடிப்படையும் அந்தப் புத்தகம்தான்.

சுண்டுவிரல்:

மான்செஸ்டர் ஆண்கள் நாலு பேர் யார் பெரியவன் என்று அடித்துக்கொள்வதை இன்னும் எத்தனை புத்தகத்தில் படிப்பது? தி ஸ்லிட்ஸ் என்ற பெண்கள் பங்க் குழுவின் கிடாரிஸ்ட் விவ் ஆல்பர்டின் 2014இல் எழுதியதை எடுங்கள். சுயசரிதை எழுதுகிறவர் ஒன்று கிறுக்கர், இல்லை கையில் காசில்லாதவர், நான் இரண்டிலும் கொஞ்சம் என்று ஆரம்பிக்கிறார், அங்கேயே எனக்குப் பிடித்துவிட்டது.

இசைத்தட்டு மாதிரி புத்தகத்தை இரண்டு பக்கமாகப் பிரித்திருக்கிறார். முதல் பக்கம் எல்லோரும் எதிர்பார்ப்பது: வாசிக்கவே தெரியாமல் கிடார் வாங்கியது, 14 வயது ஆரி அப் பாடியது, டென்னிஸ் போவெல் தயாரித்த 1979 ஆல்பம். எனக்கு முக்கியம் இரண்டாம் பக்கம். 1980களின் தொடக்கத்தில் குழு கலைகிறது, அதோடு கிடாரை வைத்துவிடுகிறார், இருபது வருடத்துக்கு மேல் தொடவில்லை. ஏரோபிக்ஸ் சொல்லிக்கொடுக்கிறார், சினிமா படித்துத் தொலைக்காட்சிக்கு இயக்குகிறார், குழந்தைக்காகத் திரும்பத் திரும்பச் சிகிச்சை, புற்றுநோய், கடற்கரை ஊரில் குடும்பத் தலைவி. ஐம்பதைத் தாண்டியபின் மறுபடி கிடாரை எடுத்து, யார் என்றே தெரியாத ஆட்கள் முன்னால் பப்பில் வாசிக்கப் போகிறார், அதைக் கணவரால் தாங்க முடியவில்லை, கல்யாணமும் முடிகிறது. 2012இல் தனி ஆல்பம் வந்தது. ஹுக், சம்னர் இருவருக்கும் இந்த நடு வருடங்கள் கிடையாது, அவர்கள் நிறுத்தவே இல்லை. நிறுத்திவிட்டுத் திரும்பி வந்தவர் பார்க்கிற பார்வை வேறு.

இன்னொன்று: 2016இல் லண்டன் பிரிட்டிஷ் லைப்ரரியில் பங்க் கண்காட்சி நடந்தது. அங்கே பேசப் போன இவர், விளக்கப் பலகையில் ஆண் குழுக்களின் பெயர் மட்டும் இருப்பதைப் பார்த்து அவற்றை அடித்துவிட்டு ஸ்லிட்ஸ், எக்ஸ்-ரே ஸ்பெக்ஸ், சூக்ஸி அண்ட் தி பான்ஷீஸ் என்று பேனாவால் எழுதி, கீழே கையெழுத்தும் போட்டுவிட்டு வந்தார். யாரை நம்புவது என்று கேட்டீர்களே, என் பதில் இதுதான்.

பாதி_விலை:

எல்லாம் சரி, வெண்ணெய் விற்ற மனிதரை யாருமே சொல்லவில்லை? செக்ஸ் பிஸ்டல்ஸ் பாடகர் ஜான் லைடன் 2008இல் இங்கிலாந்து வெண்ணெய் விளம்பரத்தில் நடித்தார், 2021இல் பழைய பாட்டுகளைத் தொலைக்காட்சித் தொடருக்குத் தரமாட்டேன் என்று அதே குழுவின் ஸ்டீவ் ஜோன்ஸ், பால் குக் இருவரோடும் நீதிமன்றத்தில் நின்று தோற்றார். இவர்கள் திரும்பிப் பார்ப்பதே காசுக்குத்தான் என்பது என் கட்சி.

நாலாம்_தந்தி:

@பாதி_விலை வெண்ணெய்க் காசில் அவர் வீடு கட்டவில்லை ப்ரோ. பல வருடம் முடங்கிக் கிடந்த அவருடைய அடுத்த குழுவான பப்ளிக் இமேஜ் லிமிடெட்டை 2009இல் மறுபடி மேடை ஏற்றியது அந்தப் பணம், 2012 ஆல்பத்தைச் சொந்த லேபிளில் போட்டார்கள். பெரிய கம்பெனியிடம் கை நீட்டுவதைவிட வெண்ணெய் மேல். மேலே சொன்ன ஆரி அப் இவருடைய மனைவி நோராவின் மகள், ஆரியின் பிள்ளைகளை வளர்த்ததில் இவர்களுக்கும் பங்கு உண்டு. நோராவுக்கு அல்சைமர் வந்தபின் அவரைப் பார்த்துக்கொண்டவர் லைடன், 2023இல் அவருக்காக ஒரு பாட்டு எழுதி அயர்லாந்து சார்பாக யூரோவிஷன் பாட்டுப் போட்டிக்குப் போகவும் முயன்றார், தேர்வாகவில்லை, ஏப்ரலில் நோரா இறந்தார். அரசியலில் அவர் பேசுவது பாதி எனக்கு ஒத்துவராது. அது வேறு கணக்கு.

மெட்ராஸ்_மப்பு:

காசு என்றதும் ஞாபகம் வந்தது. நம்ம மாயா அருள்பிரகாசம், அதான் எம்.ஐ.ஏ., அவருடைய ‘பேப்பர் பிளேன்ஸ்’ பாட்டுக்கு அடியில் ஓடுவது லண்டன் பங்க் குழுவான கிளாஷ் 1982இல் போட்ட இசைதான், எழுதியவர்கள் பட்டியலில் அவர்கள் பெயரும் இருக்கிறது. சுயசரிதை எழுதாமலே ஓய்வூதியம்!

அப்புறம் ஜா வாபிள். பப்ளிக் இமேஜின் முதல் பேஸ் வாசிப்பாளர், 80களில் லண்டன் பாதாள ரயிலில் வேலைக்குப் போய்விட்டார். ஒருநாள் டவர் ஹில் ஸ்டேஷன் ஒலிபெருக்கியில் "நான் ஒரு காலத்தில் பெரிய ஆளாக இருந்தேன், மறுபடியும் சொல்கிறேன், பெரிய ஆளாக இருந்தேன்" என்று அறிவித்ததாக அவரே சொல்லிச் சிரிப்பார். 2009இல் புத்தகம் எழுதினார்.

பழைய_கேசட்:

ஆல்பர்டினில் தொடங்குகிறேன், அடுத்தது மோரிஸ். சம்னர் பாதியில் நிற்கட்டும். தி ஃபால் குழு பற்றி ஏதாவது உண்டா? அதன் பாடகர் மார்க் ஈ. ஸ்மித் 2018இல் இறந்ததிலிருந்து அந்தக் குழுவை வரிசையாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

சுண்டுவிரல்:

உண்டு. ஸ்மித் பெயரில் 2008இல் ஒன்று வந்தது, சிரிப்புக்குப் பஞ்சமில்லை, ஆனால் அதில் அவரைத் தவிர எல்லோரும் உதவாக்கரை. அதோடு சேர்த்து ஸ்டீவ் ஹான்லி 2014இல் எழுதியதைப் படியுங்கள். ஏறக்குறைய இருபது வருடம் பேஸ் வாசித்தவர், 1998இல் நியூயார்க் மேடையில் நடந்த அடிதடியோடு வெளியே வந்தவர், பிறகு பள்ளிக்கூடத்தில் பராமரிப்பாளர் வேலை பார்த்தவர். அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் வந்துபோன குழுவில் அத்தனை காலம் எப்படித் தாக்குப்பிடித்தார், வேன், சம்பளம், திட்டு எல்லாம் எப்படி இருந்தது என்று அலட்டாமல் எழுதியிருக்கிறார். ஸ்மித்தை முதலில் படியுங்கள், ஹான்லியை அப்புறம். மாற்றிப் படித்தால் ஸ்மித் புத்தகம் ஓடாது.