22 பேரை வைத்து கார்க்கசோன் நாக்அவுட் போட்டியை இணையவழி நடத்துவது எப்படி?

தண்டையார்பேட்டைக்காரன் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பகுதி நண்பர்கள் 22 பேர் போர்டு கேம் அரீனா என்னும் இணைய விளையாட்டுத் தளத்தில் கார்க்கசோன் ஆடி வருகிறோம். டைல் எனப்படும் சதுர அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கி, நகரங்களையும் சாலைகளையும் கட்டிப் புள்ளி சேர்க்கும் பலகை விளையாட்டு இது. அடுத்த மாதம் எங்களுக்குள் ஒரு நாக்அவுட் போட்டி நடத்தும் பொறுப்பு, சென்ற ஆண்டைப் போலவே இந்த ஆண்டும் என் தலையில் விழுந்திருக்கிறது.

சென்ற ஆண்டு எல்லோர் பெயரையும் சீட்டில் எழுதி, பிஸ்கட் டப்பாவில் போட்டுக் குலுக்கினேன். எங்களில் மிக நன்றாக ஆடும் இருவர் முதல் சுற்றிலேயே மோதிக்கொண்டனர். ஒரே ஆட்டத்தில் ஒருவர் வெளியேறினார். அதைவிடப் பெரிய சங்கடம் கால் இறுதியில் நேர்ந்தது. கொருக்குப்பேட்டையில் மழையால் மின்சாரம் போனதும், முன்னிலையில் இருந்தவரின் வைஃபை அணைந்து அவருடைய நேரமும் தீர்ந்துவிட்டது. இப்படி நேர்ந்தால் என்ன செய்வதென்று முன்பே எழுதி வைக்காததால், அவர் தோற்றதாக அறிவிப்பதைத் தவிர எனக்கு வழி தெரியவில்லை. இன்றும் டீக்கடையில் என்னைக் கண்டால் பாதி டீயிலேயே எழுந்து போய்விடுகிறார்.

22 பேரை எப்படிப் பிரிப்பது, ஒரு மோதலுக்கு எத்தனை ஆட்டம் வைப்பது, சமநிலை வந்தால் யாருக்கு வெற்றி, இணைப்பு அறுந்தால் என்ன விதி என்பவற்றை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

மணிக்கூண்டு எழுதியது:

தம்பி, நாக்அவுட் அட்டவணை 8, 16, 32 என்றுதான் மடங்கும். 22-க்கு அடுத்தது 32 என்பதால் 10 இடங்கள் காலியாக இருக்கும். அந்த 10 இடங்களையும் தரவரிசையில் முதல் 10 பேருக்கு 'பை' (bye, அதாவது முதல் சுற்றில் ஆடாமலே முன்னேறும் சலுகை) ஆகக் கொடுத்து, அவர்களை நேராக இரண்டாம் சுற்றுக்கு அனுப்புங்கள். மீதமுள்ள 12 பேரில் 11-ஆம் இடத்தவர் 22-ஆம் இடத்தவரோடும், 12-ஆமவர் 21-ஆமவரோடும் என்று 16-க்கு 17 வரை 6 மோதல்கள் வரும்; எந்த இணையைக் கூட்டினாலும் 33 வர வேண்டும். இரண்டாம் சுற்றில் 16 பேர் இருப்பார்கள், அங்கே கூட்டுத்தொகை 17. அதாவது 16-க்கும் 17-க்கும் நடந்த மோதலில் வென்றவர் முதல் இடத்தவரைச் சந்திப்பார். ஆக மொத்தம் 21 மோதல்கள், ஏனென்றால் ஒருவர் மிஞ்ச 21 பேர் தோற்றாக வேண்டும். பிஸ்கட் டப்பா வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தரவரிசையில் சமமாக இருப்பவர்களைப் பிரிக்க மட்டும் அதைப் பயன்படுத்துங்கள்.

கார்க்கசோனில் எந்த டைல் கைக்கு வரும் என்பது அதிர்ஷ்டம். ஒரே ஆட்டத்தில் ஒருவரை வீட்டுக்கு அனுப்புவது நியாயமில்லை, 3-க்கு 2, அதாவது மூன்று ஆட்டத்தில் இரண்டை வெல்பவருக்கு வெற்றி என்று வையுங்கள். நம் பக்கத்தில் கேரம் ஆடாத தெரு கிடையாது. 3 கேம், ஒவ்வொன்றும் 25 புள்ளி அல்லது 8 போர்டு என்பது இங்கே சிறு பிள்ளைக்கும் தெரியும்; 2024-இல் அமெரிக்காவில் கேரம் உலகக் கோப்பையை வென்று வந்த சென்னை வீராங்கனை காசிமா பழகியதும் இந்தக் கணக்கில்தான். எனவே புது முறை என்று யாரும் முறைக்க மாட்டார்கள்.

காசிமேட்டு அக்கா எழுதியது:

அண்ணன் சொன்ன அட்டவணையை ஏற்கிறேன், 3-க்கு 2 என்பதில்தான் தயக்கம். எங்கள் வீட்டில் விடியற்காலை 3 மணிக்கு மீன்பிடித் துறைமுகத்துக்குக் கிளம்புகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களை இரவு 11 மணி வரை உட்காரவைக்க முடியாது. பெட்டியில் உள்ள 72 டைல்களில் ஒன்று தொடக்கத்திலேயே மேசையில் இருப்பதால் எடுப்பதற்கு 71 உண்டு. முதலில் ஆடுகிறவருக்கு 36, அடுத்தவருக்கு 35. ஆளுக்கு 15 நிமிடம் வைத்தால் ஒரு டைலுக்கு 25 விநாடி கிடைக்கும், ஓர் ஆட்டம் அரை மணிக்குள் முடியும். மூன்று ஆட்டம் என்றால் ஒன்றரை மணி நேரம் ஆகிவிடுகிறது. ஆளுக்கு ஒருமுறை முதலில் ஆடும்படி இரண்டே ஆட்டம் வைத்து, மொத்தப் புள்ளியில் முந்தியவர் வென்றதாகக் கொள்ளலாமே? அந்த ஒரு டைல் கூடுதலும் சரிசமமாகிவிடும்.

மணிக்கூண்டு எழுதியது:

அம்மா, நேரக் கணக்கு சரி. ஆனால் மொத்தப் புள்ளி வைத்தால் முதல் ஆட்டத்தில் பெரிய நகரம் ஒன்று சிக்கிக்கொண்டாலே கதை முடிந்துவிடும். நான் ஒருமுறை 9 டைல் அளவுக்கு நகரம் வளர்த்து, அதை மூட ஒரே ஓர் இடம் மிச்சமிருந்தபோது, எதிராளி பக்கத்துக் கட்டத்தில் ஒரு சாலை டைலைச் செருகினார். அந்த ஓட்டையில் பொருந்தக்கூடிய டைல் எல்லாம் ஏற்கெனவே மேசையில் இருந்தன. மூடியிருந்தால் டைலுக்கு 2 புள்ளி வரவேண்டிய நகரத்துக்கு, மூடாததால் டைலுக்கு 1 புள்ளிதான் கிடைத்தது, நான் அதில் வைத்த இரண்டு மீப்பிள்களும் (ஆள் வடிவக் காய்கள்) கடைசி வரை அங்கேயே கிடந்தன. 40 புள்ளி பின்தங்கிய பிறகு இரண்டாவது ஆட்டத்தை யார் மனம் வைத்து ஆடுவார்கள்? 3-க்கு 2 என்றால் அந்தத் தோல்வி ஒரு தோல்வியோடு நிற்கும். துறைமுகத்துக்குப் போகிறவர்களுக்கு ஞாயிறு மாலையை ஒதுக்குங்கள்.

வியாசர்பாடி ஆசிரியர் எழுதியது:

இருவரும் தொடாத இரண்டு விஷயங்கள். வீட்டில் பழைய பெட்டி வைத்திருப்பவர்கள், இரண்டே டைலில் மூடும் நகரத்துக்கு 2 புள்ளி என்றே பழகியிருப்பார்கள். இப்போதைய விதியில் 4 புள்ளி. தளம் எந்தக் கணக்கைப் போடுகிறதோ அதுவே முடிவு என்று எழுதி வைக்காவிட்டால் நள்ளிரவில் உங்களுக்குத்தான் போன் வரும்.

அடுத்தது, டைல் எண்ணிக்கை. வளைந்த சாலை 9, நேர்ச்சாலை 8, நான்கு சாலை சந்திப்பு ஒன்றே ஒன்று என்னும் பட்டியலை ஒருவர் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆடினால் இணையத்தில் யார் பார்க்கப் போகிறார்கள்? கேரம் மன்றத்தில் பக்கத்தில் நிற்பவர் வாய் திறந்தால் அதட்டலாம், இங்கே வழியில்லை. தடுக்க முடியாததைத் தடை செய்தால் நேர்மையானவர் மட்டும் நட்டப்படுவார் என்பதால், பட்டியலை வாட்ஸ்அப் குழுவில் நீங்களே எல்லோருக்கும் அனுப்பிவிடுங்கள்.

தண்டையார்பேட்டைக்காரன் எழுதியது:

மூவருக்கும் நன்றி. அட்டவணையை அப்படியே எடுத்துக்கொண்டேன். 3-க்கு 2 தான், ஆனால் ஒரே இரவில் முடிக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வாரம் தருகிறேன். முதல் ஆட்டத்தில் யார் தொடங்குவது என்று சீட்டுக் குலுக்கி, பிறகு தோற்றவர் தொடங்குவார். புள்ளி சமமானால் இரண்டாவதாக ஆடியவருக்கு வெற்றி, ஏனென்றால் அவர் ஒரு டைல் குறைவாக வைத்து அதே புள்ளியைத் தொட்டிருக்கிறார். மின்சாரமோ இணைப்போ போனால் 10 நிமிடத்துக்குள் குழுவில் செய்தி போட வேண்டும். போட்டவருக்கு அந்த ஆட்டம் செல்லாததாகி மறுநாள் புதிதாக நடக்கும், ஆனால் ஒரு மோதலில் ஒருமுறைதான் இந்தச் சலுகை.

விதிகளை ஒரு தாளில் எழுதி, குலுக்கலுக்கு முன்பே குழுவில் போட்டுவிட்டேன். கொருக்குப்பேட்டை நண்பரும் படித்துவிட்டார். நீல டிக் விழுந்திருக்கிறது, பதில்தான் இன்னும் வரவில்லை. அவருக்கு 7-ஆம் இடம் கொடுத்திருக்கிறேன்.