புதுப்பிப்பு: மதிய மேஜிக் ஷோ பார்த்தாச்சு!

மே வெயில்ல மூணு நாள் சென்னை வர்றோம், மதியம் பிள்ளைகளை எங்க கூட்டிட்டுப் போறது, செலவும் கம்மியா இருக்கணும்னு போன வாரம் கேட்டிருந்தேன். மயிலாப்பூர்ல மூணு மணி காமெடி மேஜிக் ஷோவைச் சொன்னவருக்கு ரொம்ப நன்றி. போயிட்டு வந்துட்டோம்.

டிக்கெட் தலைக்கு 150 ரூபாய், அஞ்சு பேருக்கு 750. எழும்பூர்ல இருந்து ஆட்டோ தனி. ஹால்ல ஏசி நல்லா இருந்துச்சு.

மத்ததை விடுங்க, அந்தக் கிண்ண வித்தை! மூணு பித்தளைக் கிண்ணம், சின்னப் பஞ்சு உருண்டை. மேஜிக் பண்றவர் என் மாமியாரை மேடைக்குக் கூப்பிட்டு, "அம்மா, மருமக கண்ணுல படாம முறுக்கை எங்க ஒளிச்சு வைப்பீங்க?"ன்னு கேட்டார். அவங்க சிரிச்சுக்கிட்டே கிண்ணத்தைத் தூக்கினா உள்ள முழு எலுமிச்சம்பழம்! செப்புன்னா சின்னக் கிண்ணம், செப்பிடு வித்தைங்கிற பேரே அதுல இருந்து வந்ததுதான்னு அப்புறம் மாமியாரே சொன்னாங்க.

ஜோக்குக்கு நாம சிரிக்கிற நொடியில கண்ணு அவர் முகத்துக்குப் போயிடுது. கை வேலை அப்பதான் நடக்குது. இது புரிஞ்ச பிறகும் என்னால ஒரு தடவைகூட பிடிக்க முடியல.

கைக்குழந்தை இருந்தா பின் வரிசையில உட்காருங்க, நடுவுல பலூன் வெடிப்பாங்க. முடிஞ்சதும் கபாலீஸ்வரர் கோயிலுக்கு நடந்தே போனோம். எலுமிச்சம்பழம் இன்னும் மாமியார் பையிலதான் இருக்கு.