புதுப்பிப்பு: தம்பியின் பந்தயக் கடன்
தம்பி போனில் கிரிக்கெட் பந்தயம் கட்டி மச்சாளின் தாலிக்கொடியையும் அடகு வைத்துவிட்டான் என்று போன மாதம் எழுதியிருந்தேன். நீங்கள் சொன்னபடி 1926-க்கு, அதுதான் இலங்கைத் தேசிய மனநல நிறுவனத்தின் உதவி இலக்கம், எடுத்துக் கதைத்தோம், அப்புறம் கிளினிக்குக்கும் கூட்டிப்போனேன். இதுவும் குடியைப் போல அடிமைப்படுத்தும் நோய்தான், விட்ட காசைப் பிடிக்கவென்றே திரும்பத் திரும்பக் கட்டுவது அதன் அறிகுறி என்று டொக்டர் சொன்னபோது தம்பி தலையைக் குனிந்துகொண்டான்.

இப்போது அவனிடம் பட்டன் போன்தான். மீன் விற்ற காசை மச்சாளே வாங்கி வைக்கிறாள்.

ஆனால் அவன் ஒழுங்கைச் சனத்திடம் பிடித்த சீட்டுக் காசையும் பந்தயத்தில் விட்டிருக்கிறான், அதுதான் தாங்க முடியவில்லை. இடியப்பம் விற்றுச் சீட்டுக் கட்டிய எதிர்வீட்டு மாமி எங்களோடு கதைப்பதே இல்லை. சரி, மாதாமாதம் கொஞ்சமாகக் கொடுக்கிறோம்.

நேற்றிரவு பக்கத்து வீட்டில் மேட்ச் சத்தம். தம்பி எழும்பி உப்புவெளிக் கடற்கரைக்குப் போய்விட்டான், நானும் பின்னால் போனேன்.