வாடகைதாரருடன் விற்கப்படும் வீட்டை வாங்கலாமா? ஆலோசனை வேண்டுகிறேன்

உறுப்பினர்களுக்கு வணக்கம். பழைய வீட்டைப் புதுப்பித்து, வாடகைதாரரையும் குடியமர்த்தி, பராமரிப்புப் பொறுப்பையும் தானே ஏற்றுக்கொண்டு விற்கும் ஒரு நிறுவனத்திடம், முதலீட்டுக்காக வெளியூரில் வீடு வாங்க யோசித்து வருகிறேன். முன்பணம் செலுத்தும் முன் அனுபவமுள்ளவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

என்னை முதலில் உறுத்துவது, விற்பவரே பராமரிப்பாளராகவும் இருப்பதுதான். வீட்டின் குறைகளை எனக்குச் சொல்ல வேண்டியவரும், அவற்றை மறைத்தால் லாபம் அடைபவரும் ஒருவரே என்றால், அவர் தரும் அறிக்கையை எப்படி நம்புவது? புதிய வண்ணப்பூச்சும் தரையும் கண்ணுக்குத் தெரிகின்றன. கூரை, மின்கம்பிகள், கழிவுநீர்க் குழாய்கள் ஆகியவற்றின் நிலையை நான் அமர்த்தும் பொறியாளர் பார்த்துச் சொன்னால் மட்டுமே ஏற்பேன்.

அவர்கள் காட்டும் வருவாய்க் கணக்கில் வரியும் காப்பீடும் உண்டு. வீடு காலியாக இருக்கும் மாதங்களுக்கும் பெரிய பழுதுகளுக்கும் ஒதுக்கீடே இல்லை. (இதை மறதி என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.) ஆண்டில் ஒரு மாதம் காலியாக இருந்தாலே வாடகையில் 8 விழுக்காட்டுக்கு மேல் போய்விடும். விலையும், அதே நிறுவனம் பிற முதலீட்டாளர்களுக்கு விற்ற வீடுகளோடு ஒப்பிட்டே சொல்லப்படுகிறது. ஆனால் நாளை நான் விற்கும்போது, குடியிருப்பதற்காக வாங்குவோர் அப்பகுதியில் கொடுக்கும் விலைதான் எனக்குக் கிடைக்கும்.

இவ்வாறு வாங்கியவர்களிடம் கேட்க விரும்புவது: குடியிருப்பவர் உண்மையிலேயே வாடகை செலுத்துகிறார் என்பதை எந்த ஆவணங்களைக் கொண்டு சரிபார்த்தீர்கள்? முதல் சில மாத வாடகையைத் தள்ளுபடி செய்து ஆள் பிடித்திருந்தால் அதைக் கண்டறிய வழி உண்டா? பராமரிப்பு ஒப்பந்தத்தை அபராதமின்றி முறித்து, பொறுப்பை வேறொருவரிடம் ஒப்படைக்க முடிந்ததா?