பல்லிடுக்கில் நூல் விட்டால் இரத்தம்: நிறுத்தலாமா?

கொழுந்துக்கூடை, ஹட்டன்:
கடைவாய்ப் பல் இடுக்கில பாக்குத் துகளும் சம்பல் தேங்காய்ப்பூவும் சிக்குது. தையல் நூல் போதுமா? ஈறுல இரத்தம் வேற கசியுதே.

பல்வரிசை:
தையல் நூல் வேண்டாங்க, ஈறை அறுக்கும். அறுந்து இடுக்கிலேயே மாட்டிக்கும். பல்லிடுக்கைச் சுத்தம் பண்றதுக்குன்னே இருக்கிற மெழுகு பூசின நூல் (ஃப்ளொஸ்) வாங்குங்க. ஒரு முழம், அதாவது 45 செ.மீ. எடுத்து ரெண்டு நடுவிரல்லயும் சுத்தி, நடுவில 3 செ.மீ. மட்டும் இறுக்கிப் பிடிங்க. அப்படியே அமுக்கினா ‘டக்’குனு இறங்கி ஈறை வெட்டும். முன்னபின்ன மெதுவா இழுத்து இறக்கணும். இறங்கினதும் ஒரு பல்லை அரைவட்டமா அணைச்சு, ஈறு ஓரத்துக்கு உள்ளே இருந்து பல் நுனி வரை நாலைஞ்சு தரம் வழிங்க. பிறகு பக்கத்துப் பல்லு. அடுத்த இடுக்குக்கு நூலோட புதுப் பகுதி.

மலைச்சாரல்:
இரத்தத்துக்குப் பயந்து நிறுத்தாதீங்க. இடுக்குல படிஞ்ச அழுக்குப் படலத்தாலதான் ஈறு வீங்கியிருக்கும். தினமும் இரவில செஞ்சா ரெண்டு வாரத்துக்குள்ள குறையும்; குறையலைன்னா பல் டொக்டர்கிட்ட காட்டணும்.

கொழுந்துக்கூடை:
ஒரே இடத்தில மட்டும் நூல் பிரியுதே?

பல்வரிசை:
அங்க அடைச்ச பல்லோட விளிம்போ, அழுக்குப் படலம் கட்டியா இறுகின காரையோ இருக்கும். காரை நூலுக்கு வராது, கிளினிக்ல சுரண்டித்தான் எடுக்கணும்.